பதினோரு ஊரு செயிச்ச காப்டன்

எங்க ஊரு சடுகுடு டீமு ஒரே சீசன்ல பதினோரு ஊர்ல செயிச்சுட்டு வந்துச்சு. இதைச் சொன்னா இப்ப உள்ள பயலுக நம்ப மாட்டேங்கிறாய்ங்க. "நீங்க ஆடுன டீமா செயிச்சுச்சு?"ன்னு கேட்டுட்டு என் தொந்தியவே பாக்குறாய்ங்க. அவய்ங்க மேல தப்பில்ல. அப்பவே நான் டீமுக்கு உப்புக்குச் சப்பாணிதான். எட்டாவது ஆளு. ஏழு பேரு ஆடுற ஆட்டத்துல எட்டாவது ஆளுக்கு என்ன வேலைன்னா, மத்தவுக கழட்டிப் போட்ட சட்டைய நாய் இழுக்காமப் பாத்துக்கிறது.

செயிச்சது எங்க காப்டனாலதான். அவரு பேரைச் சொல்ல மாட்டேன். யாராவது பேரைச் சொல்லிப் புகழ்ந்தா துண்டை உதறிக்கிட்டு எந்திரிச்சுப் போற மனுசன். அவரு எப்படி செயிச்சாருன்னு ரொம்பப் பேரு என்கிட்ட கேட்டுருக்காக. நானும் ஆளுக்கு ஒரு கதை சொல்லிச் சிரிக்க வச்சு அனுப்பிருக்கேன். நெசத்தைச் சொன்னதில்ல. ஏன்னா அதுல அவரு தம்பி வாரான்.

நயா பைசா வந்த புதுசு. சாத்தூர்ப் பக்கம் கரிசக்காட்டு ஊரு எங்க ஊரு. காப்டன், அவரு தம்பி, நானு, மூணு பேரும் ஒரே தீப்பெட்டி ஆபீசுல வேலை. காப்டன்னா பெரிய நெஞ்சும் முறுக்கு மீசையுமா நெனச்சுக்கிடாதீக. தீக்குச்சிக்கு வேட்டி கட்டிவிட்ட மாதிரி இருப்பாரு. மருந்து முக்குறதுதான் அவரு வேலை. குச்சிகளை மரச் சட்டத்துல வரிசையா அடுக்கிக் கொண்டாந்து கொடுப்பாக. அவரு அதை வாங்கி, மருந்துல ஒரே முக்கா முக்கி எடுப்பாரு. அத்தனை குச்சிக்கும் ஒரே அளவுல தலை இருக்கும். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுங்கிற பேச்சே கிடையாது.

டீமும் அவருக்கு அப்படித்தான். "ஏலே, ஒத்தக் குச்சி மட்டும் துருத்திக்கிட்டு நின்னா சட்டமே கெட்டுப்போகும்லே"ம்பாரு. துருத்திக்கிட்டு நிக்கிற அளவுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லாததால, அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவரு வச்ச சட்டம் ஒண்ணு உண்டு. எங்க ஆடுகளம் கண்மாய்க்குள்ள. கரிசத் தரை. காஞ்சா பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். அதுல விழுந்தா முட்டி சில்லு பேந்துரும். அதனால காலையில வேலைக்குப் போறதுக்கு முன்ன ஒவ்வொருத்தரும் கிணத்துல ஒரு குடம் தண்ணி எடுத்தாந்து, அவுகவுக நிக்கிற இடத்துல ஊத்தி, மண்ணைக் கொத்திவிட்டுப் போகணும். சாயங்காலம் பூப்போல இருக்கும். காப்டன் சேவல் கூவவே ஆபீசுக்குப் போயி மருந்து காய்ச்சணும், அதனால கூட நிக்க முடியாது. கஞ்சி குடிக்க விடுற நேரத்துல ஒரு எட்டு வந்து களத்தைப் பாப்பாரு. எவன் இடம் ஈரமா இருக்கு, எவன் இடம் காஞ்சு கிடக்குன்னு பாத்துட்டுப் போயிருவாரு. காஞ்ச இடத்துக்காரன் அந்த வாரம் ஆட முடியாது. அம்புட்டுத்தான். திட்டு கிடையாது, அடி கிடையாது.

ஆம்பளையாளுக வரிசையாத் தோள்ல குடத்தோட போறதைப் பாத்துக் கிணத்தடிப் பொம்பளையாளுக சிரிச்ச சிரிப்பு இருக்கே! "என்னய்யா, எல்லாரும் எந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போறீக?"ன்னு ஒரு அத்தை கேட்டுச்சு. "எந்த ஊருல நல்ல சோறு போடுறாகளோ அந்த ஊருக்கு அத்தை"ன்னேன். என் குடத்துல ஒரு பொத்தல் வேற. கிணத்துல இருந்து களம் வரைக்கும் கோலம் போட்டுக்கிட்டே போவேன்.

நிலக்காரர் வீட்டு மகன் ஒருத்தரு, நல்ல பயில்வான், ஒரு தடவை வந்தாரு. "இந்த வருசம் நானும் உங்க கூட ஆடுறேன்"னாரு. எங்களுக்கெல்லாம் வாயெல்லாம் பல்லு. காப்டன் மருவாதையாக் கையக் கட்டிக்கிட்டு, "நல்லதுங்கையா. நாளைக் காலையில ஒரு குடம் தண்ணி கொண்டாந்துருங்க"ன்னாரு.

"நானா? எங்க வீட்டு மாடு கூடத் தண்ணி சொமக்காதுடே."

"மாடு சொமக்க வேணாங்கையா. மாடு ஆடப் போறதில்லையே."

அவரு போயிட்டாரு. எங்க ஒரு வாரத்துத் தூக்கமும் அவரு கூடவே போயிருச்சு. அந்த வீட்டுக் காட்டுலதான் எங்க ஆத்தாமாரெல்லாம் களை எடுத்துக்கிட்டு இருந்தாக.

செயிச்சாலும் காப்டன் கத்த மாட்டாரு, குதிக்க மாட்டாரு. ஊதல் ஊதுனதும் ஒவ்வொருத்தனா வந்து முட்டியத் தடவுவாரு, முழங்கைய மடக்கி நீட்டிப் பாப்பாரு. "எல்லாரும் முழுசா இருக்கீகளாலே?"ன்னு ஒரே கேள்வி. ஊரே கோப்பையத் தூக்கிக்கிட்டு ஆடும்போது, அவரு எவன் கால் நகத்தையாவது பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு உக்காந்திருப்பாரு.

தம்பி அதுக்கு நேர் எதிரு. இருபத்தோரு வயசு. 'சடுகுடு'ன்னு பாடி எதிர்ப்பக்கம் போனான்னா சாத்தூர் டேசன்ல நிக்காமப் போற மெயில் வண்டிதான். ஒரே மூச்சுல மூணு பேரைத் தொட்டுட்டு, திரும்பி வந்து கோட்டுல நின்னு இன்னும் நாலு 'சடுகுடு' சும்மா சொல்லுவான். மூச்சு மிச்சம் இருக்காம். அவனைப் பாக்குறதுக்குன்னே வெளியூர்லருந்து மாட்டுவண்டி கட்டி வருவாக. அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் ஒரு வாந்திபேதி வருசத்துல போயிட்டாக. காப்டன்தான் அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டு வளத்தாரு. "முதல்ல அவனுக்கு ஒரு கல்யாணம்"னு சொல்லிச் சொல்லித் தனக்கு வந்த பொண்ணையெல்லாம் தட்டி விட்டவரு. ஊர்ல யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்புட மாட்டோம். எல்லாருக்குமே அவன் தம்பிதான்.

அந்தத் தை பொறந்த புதுசுல ஒருநா ஆபீசு வாசல்ல தம்பி என் கையப் பிடிச்சான்.

"அண்ணே, ஒரு ஒத்தாசை. நாளையிலருந்து காலையில என் குடத்தையும் நீங்களே ஊத்திருவீகளா? அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

"ஏலே, என்ன சமாச்சாரம்?"

சிரிச்சான்.

இருபத்தோரு வயசுப் பய காலையில காணாமப் போறான், சொல்ல மாட்டேங்கிறான், சிரிக்கிறான். எனக்கு என்ன தோணும்? எங்கிட்டோ ஒரு தாவணி இருக்குன்னு முடிவு பண்ணிட்டேன். உலகத்துல எனக்குத் தெரியாத சங்கதியே இல்லைங்கிற நெனப்பு அப்ப எனக்கு. நெசம் என்னன்னா, அவனுக்கு நெஞ்சுல சீக்கு வந்துருச்சு. காலையில எந்திரிச்சா இருமல் பிடிச்சு உலுக்கும், கிணத்துல இருந்து குடம் தூக்க முடியல. சாயங்காலம் எப்படியோ சமாளிச்சு ஆடிப்புடுவான். வெளிய தெரிஞ்சா எவன் பக்கத்துல சேப்பான்? சடுகுடுங்கிறதே கட்டிப் புரளுற ஆட்டம். அந்தச் சீக்குப் பேரைச் சொன்னா வெத்தலை கூடக் கை மாறாது அந்தக் காலத்துல.

இதெல்லாம் பின்னால தெரிஞ்சது. அப்ப நான் ரெண்டு குடம் தூக்கிக்கிட்டு, காதலுக்குத் தூது போறவன் மாதிரிப் பெருமையாத் திரிஞ்சேன். மூணு வாரம்.

மாட்டுனது என் கூறுகெட்ட தனத்தால. ஒருநா ரெண்டு குடத்தையும் தம்பி இடத்துலயே ஊத்திட்டு, என் இடத்தை மறந்துட்டேன். சாயங்காலம் எல்லாரும் கூடி நிக்கும்போது காப்டன் கேட்டாரு.

"ஏலே, எட்டாவது இடம் காலையில காஞ்சு கிடந்துச்சே. நீ வரலியா?"

எனக்கு ரோசம் வந்துருச்சு. "வந்தேண்ணே! ரெண்டு குடம் சொமந்திருக்கேன், என்னையப் போயி..."

"ரெண்டு குடமா?"

சுத்தி நின்ன அத்தனை பேரும் என்னையப் பாத்தாய்ங்க. தம்பி தரையப் பாத்தான். இந்த மாதிரி நேரத்துல என் வாயி சும்மா இருந்ததே கிடையாது.

"இல்லண்ணே... தம்பிக்குக் காலையில அச்சங்குளத்துப் பக்கம் ஒரு சோலி. சேலை கட்டுன சோலி."

எல்லாரும் சிரிச்சாய்ங்க. தம்பியும் சிரிச்சான். சிரிக்கப் போயி இருமல் வந்து, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். காப்டன் மட்டும் சிரிக்கல. தம்பி முதுகையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு.

"இந்த சீசன் நீ வெளிய உக்காரு."

ஒருத்தருக்கும் புரியல. ஒரு வாரம்தானே சட்டம்? "அண்ணே, அவன் இல்லாம எப்படிண்ணே?"ன்னு கெஞ்சுனாய்ங்க. "சின்னப் பய, வயசு அப்படி"ன்னு ஒருத்தன் சிபாரிசு பண்ணுனான். காப்டன் அசையல. தம்பி, "சரிண்ணே"ன்னான். அடுத்து காப்டன் என்னையப் பாத்து விரலை நீட்டுனாரு. "நாளையிலருந்து நீ உள்ள நில்லுலே."

எங்க ஊரு நாசமாப் போச்சுன்னு நெனச்சேன். என்னைய வச்சு ஆடுற டீமு செயிக்கவா போகுது?

செயிச்சோம். எப்படின்னா, எங்கள்ல யாருக்கும் உள்ள ஆழமாப் போறதுக்கு அனுமதி கிடையாது. கோட்டைத் தாண்டிப் போ, பாடு, ஆள் ஏமாந்தா தொடு, இல்லைனா திரும்பி வா. "பாயிண்டு வராட்டியும் போகுது. ஆளைக் கொடுத்துட்டு வராதீகலே." எதிராளி வந்தா ஏழு பேரும் கையக் கோத்து நிக்கணும், அவனா அவசரப்பட்டு உள்ள வார வரைக்கும். காரியாபட்டியில ஜனம் கூப்பாடு போட்டுச்சு: "ஏய், சடுகுடு ஆட வந்தீகளா, கோட்டைத் தொட்டுச் சாமி கும்பிட வந்தீகளா?" நாங்க கும்பிட்டுக்கிட்டே இருந்தோம். அவுக வீரன் ஒருத்தன் பொறுமை இல்லாம உள்ள பாய்ஞ்சு சிக்கிக்கிட்டான். கணுக்கால்ல காப்டன் பிடி. அப்படித்தான் ஒவ்வொரு ஊரும் விழுந்துச்சு. மத்த டீமுல பங்குனிக்குள்ள பாதிப் பேரு கட்டுப் போட்டுக்கிட்டு அலைஞ்சாய்ங்க. எங்கள்ல தையில நின்ன அதே ஏழு பேருதான் வைகாசியிலயும் நின்னோம்.

தம்பி ஒரு ஊரு விடாம எங்க கூடவே வந்தான். முன்ன நான் பாத்த வேலைய இப்ப அவன் பாத்தான். எங்க சட்டையெல்லாத்தையும் மடிச்சு மடியில வச்சுக்கிட்டு மரத்தடியில உக்காந்திருப்பான். ஒரு சத்தம் கொடுக்க மாட்டான். கோவத்துல இருக்கான்னு நாங்க நெனச்சோம். கத்துறதுக்கு மூச்சு இல்லைங்கிறது எங்களுக்கு எங்க தெரிஞ்சுச்சு?

சாத்தூர்ல கடைசி ஆட்டம். அதையும் செயிச்சு, மேளதாளத்தோட ஊருக்குள்ள வந்தோம். மறுநா காலையில காப்டன் ஆபீசுக்கு லீவு சொன்னாரு. அவரு லீவு போட்டு அன்னைக்குத்தான் பாத்தோம். அண்ணனும் தம்பியும் வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு மதுரை ரயிலுக்கு நடந்து போனாக. நான் டீக்கடையில எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்னேன்: "பொண்ணு பாக்கப் போறாகய்யா! சோலி முடியப் போகுது!"

பொழுது சாயக் காப்டன் ஒத்தையில திரும்பி வந்தாரு. "மதுரைப் பக்கம் ஆஸ்பத்திரியில சேத்துருக்கு"ன்னாரு. என்ன ஆஸ்பத்திரின்னு யாரும் கேக்கல. நெஞ்சுச் சீக்கு ஆஸ்பத்திரின்னு அவரு மொகத்துலயே எழுதியிருந்துச்சு.

அப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தூக்குவாளியில அவிச்ச முட்டையும் ரெண்டு பன்னும் வச்சுக்கிட்டுக் கிளம்பிப் போவாரு. நானும் ரெண்டு தடவை கூடப் போனேன். தம்பி கட்டில்ல கிடந்துக்கிட்டு என்னையவே கேலி பண்ணுனான். "அண்ணே, எனக்குப் பாத்த பொண்ணு எப்படி இருக்கா? நல்லா வளந்துட்டாளா?" நான் பன்னைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டேன். நோயாளிக்குக் கொண்டு போன பன்னு.

ஐப்பசியில, தீபாவளிக்குப் பத்து நா இருக்கும்போது, போயிட்டான். சிவகாசி லோடு ஓடிக்கிட்டு இருக்கிற நேரம், வண்டி கிடைக்கல. மதுரையில பட்டாசு எறக்கிட்டுக் காலியாத் திரும்புன லாரியிலதான் கொண்டாந்தாக. இறக்கும்போது அவன் மேல போத்தியிருந்த துணியெல்லாம் கந்தக வாடை. காப்டன் அழுகல. கால் நகத்துல ஒட்டியிருந்த மண்ணைத் தொடச்சு விட்டுக்கிட்டே உக்காந்திருந்தாரு.

அடுத்த தையில எந்த ஊருக்கும் நாங்க ஆடப் போகல. யாரும் பேசி முடிவு பண்ணல. குடம் எடுக்கிற ஆளு இல்ல, அவ்வளவுதான்.

பங்குனியில ஒரு ஞாயித்துக்கிழமை, ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கிறாரு காப்டன். கையில அதே தூக்குவாளி.

"எங்கண்ணே?"

"ஆஸ்பத்திரிக்குத்தான்."

புத்தி பேதலிச்சுருச்சோன்னு நெனச்சேன். அவரே சொன்னாரு. "பக்கத்துக் கட்டில்ல ஒரு பய கிடந்தான்ல, எட்டயபுரத்துப் பக்கத்துக்காரன். அவனுக்கு யாரும் வாரதில்லலே."

அன்னைக்கு எனக்கு அடக்க முடியல. ஒரு வருசமா உள்ள கிடந்து குத்துனதைக் கொட்டிட்டேன். "அண்ணே, நாந்தாண்ணே பாவி. நான் குடம் ஊத்தாம இருந்தா உங்களுக்குத் தையிலயே தெரிஞ்சிருக்கும். பொம்பளைச் சோலின்னு வேற வாயைத் தொறந்தேன். இல்லைன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீக. பொளைச்சிருப்பான்."

அவரு ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"ஏலே, நாங்க ரெண்டு பேரும் ஒரே பாயில படுக்குற ஆளுக. அவன் இருமுறது எனக்குக் கேக்காதா?"

"நீ குடம் ஊத்துறதுக்கு முன்னயே தெரியும். துண்டுல ரத்தம் பாத்தேன். எனக்குத் தெரியக் கூடாதுன்னு அவன் நடிச்சான். தெரியாத மாதிரி நான் நடிச்சேன். நடுவுல நீ ரெண்டு குடத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுன." லேசாச் சிரிச்ச மாதிரி இருந்துச்சு. "நீ அன்னைக்குச் சேலை, சோலின்னு சொன்னியா, அதையே சாக்கா வச்சுக்கிட்டு அவனை வெளிய உக்கார வச்சேன். ஓய்வா இருக்கட்டும்னு. வெளிய தெரிஞ்சா நம்ம டீமை ஒரு ஊர்லயும் சேக்க மாட்டாய்ங்க. அதான், வைகாசி வரைக்கும்தானே, சீசன் முடியட்டும், மறுநாளே கூட்டிட்டுப் போவோம்னு..."

தூக்குவாளியக் கை மாத்திக்கிட்டாரு.

"டாக்டரு கேட்டாரு, நாலு மாசம் எங்கய்யா இருந்தீகன்னு."

பஸ்ஸு வந்துச்சு. ஏறுனாரு. வேலை வெட்டியெல்லாம் விட்டுட்டு நானும் பின்னாலயே ஏறுனேன். மதுரை வரைக்கும் தூக்குவாளி என் மடியிலதான் இருந்துச்சு.

வார்டுல அந்த எட்டயபுரத்துப் பய எலும்பும் தோலுமா, தலகாணியச் சாச்சு வச்சு உக்காந்திருந்தான். முட்டைய விட அவனுக்குக் கதைதான் அவசரம். "அண்ணே, போன வாரம் சாத்தூர் ஆட்டத்துல நிப்பாட்டிட்டுப் போனீக. கடைசியாப் பாடிப் போன பாட்டு. மேல சொல்லுங்க."

காப்டன் முட்டைய உரிச்சுக்கிட்டே ஆரம்பிச்சாரு. "ரெண்டு பக்கமும் சமம். எங்க பக்கம் மூணே பேரு. யாரை அனுப்புறதுன்னு பாத்தேன். சரி, தம்பி, நீ போலேன்னேன்."

அந்த ஆட்டத்துல தம்பி மரத்தடியிலல்ல உக்காந்திருந்தான்?

"கோட்டைத் தாண்டுனான். அவய்ங்க அஞ்சு பேரு வளைச்சு நிக்காய்ங்க. வலது கைப்பக்கம் போற மாதிரிப் போயி, கால் தட்டி முன்னால விழுந்தான். எல்லாரும் செத்தான்னு பாய்ஞ்சாய்ங்க. விழுந்த கையோட ஒருத்தன் பெருவிரலைத் தொட்டுட்டான். தொட்டுட்டு, அப்படியே உருண்டு வந்து கோட்டைப் பிடிச்சுட்டான். மூச்சு விடலயே! ஊரே எந்திரிச்சு நின்னுச்சு."

அது நான் போன பாட்டு. என் வேட்டி தடுக்கி நான் விழுந்த விழுகாடு அது. என் ஆயுசுல எனக்குன்னு கிடைச்ச ஒரே பாயிண்டு.

அந்தப் பய கண்ணெல்லாம் விரிய என் பக்கம் திரும்புனான். "நீங்களும் அந்த டீமுதானாண்ணே? நீங்க அப்ப எங்கன நின்னீக?"

காப்டன் கையில முட்டை ஓடு அப்படியே நின்னுச்சு.

"நானா? நான் அன்னைக்கு ஆடல தம்பி"ன்னேன். "வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவன் உருண்டு வந்ததை நீ பாத்திருக்கணும்."

காப்டன் என்னையத் திரும்பிப் பாக்கல. முட்டைய ரெண்டாப் பிச்சு அவன் கையில கொடுத்துட்டு, "சாப்புடு, சாப்புட்டுக்கிட்டே கேளு"ன்னு சொல்லி, கிருட்டிணாபுரத்து ஆட்டத்துல தம்பி எத்தனை பேரைத் தொட்டான்னு சொல்ல ஆரம்பிச்சாரு.